180 ஹேர்ட்ஸ், 1 மில்லிசெக்கன், எச்.டி.ஆர்: மொனிட்டர் பெட்டியில் எந்த எண்ணை நம்புவது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏதாவது ஒரு கடையின் விலைப்பட்டியலைக் கையில் எடுத்தால், ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு மொனிட்டர்கள் அடுத்தடுத்த வரியில் இருக்கும். ஒன்று 27 இன்ச், வளைந்த திரை, 100 ஹேர்ட்ஸ். மற்றது 24 இன்ச், தட்டைத் திரை, 180 ஹேர்ட்ஸ். இரண்டுமே 1080பி. இரண்டு பெட்டியிலும் கேமிங், 1 மில்லிசெக்கன், எச்.டி.ஆர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாங்க வந்தவர் பெரும்பாலும் பெரியதைத்தான் தூக்குவார். அதே காசுக்கு மூன்று இன்ச் கூடக் கிடைக்கும்போது யார் விடுவார்?

ஆனால் அவர் கேம் விளையாடத்தான் வாங்குகிறார் என்றால், அந்த மூன்று இன்ச்சுக்கு வேறு இடத்தில் விலை கொடுத்துவிட்டார். எங்கே என்று பார்க்க, பெட்டியில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

ஹேர்ட்ஸ்: வரைவது கார்ட், காட்டுவது மொனிட்டர்

மொனிட்டர் எந்தப் படத்தையும் தானாக உருவாக்குவதில்லை. கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்ட் செக்கனுக்கு இத்தனை என்று படங்களை வரைந்து அனுப்புகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். மொனிட்டர் ஒரு செக்கனில் எத்தனை தடவை திரையைப் புதுப்பிக்கிறது என்பது ரிஃப்ரெஷ் ரேட். அதை அளக்கும் அலகு ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு கார்ட் 150 ஃபிரேம் அனுப்பினாலும் கண்ணுக்கு 60 தடவைதான் புதுப் படம் வரும். 180 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு கார்ட் 50 ஃபிரேம்தான் அனுப்புகிறது என்றால், மொனிட்டரின் மிச்ச வேகம் சும்மா கிடக்கும்.

ஹேர்ட்ஸை ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரமாக மாற்றிப் பார்த்தால் கடைக்காரர் சொல்வதில் எது பெரிய விஷயம், எது சின்ன விஷயம் என்று பிடிபடும்:

1. 60 ஹேர்ட்ஸ்: 16.7 மில்லிசெக்கன்
2. 100 ஹேர்ட்ஸ்: 10 மில்லிசெக்கன்
3. 144 ஹேர்ட்ஸ்: 6.9 மில்லிசெக்கன்
4. 180 ஹேர்ட்ஸ்: 5.6 மில்லிசெக்கன்
5. 240 ஹேர்ட்ஸ்: 4.2 மில்லிசெக்கன்

60இலிருந்து 144க்குப் போகும்போது கிட்டத்தட்ட 10 மில்லிசெக்கன் குறைகிறது. 144இலிருந்து 240க்குப் போனால் 3 மில்லிசெக்கன்கூடக் குறைவதில்லை. முதல் தாவலை யாரும் உணர்வார்கள். மவுஸை அசைத்தவுடனேயே தெரியும். இரண்டாவது தாவல் போட்டிக்கு விளையாடுகிறவர்களின் விஷயம். அளவான காசு உள்ளவருக்கு 144இலிருந்து 180 வரை உள்ள வரம்பு போதும். 144, 165, 180 மூன்றுக்கும் இடையில் விலை வித்தியாசம் இருந்தால் மலிவானதை எடுக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. எல்.சி.டி திரை ஒரு ஃபிரேமை அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஓடும் எதிரியைத் தொடர்ந்து கண் நகர்ந்துகொண்டே இருக்கும், படமோ அதே இடத்தில் நிற்கும். கண்ணின் விழித்திரையில் அது இழுபட்டு மங்கலாகிறது. 1920 பிக்சல், அதாவது 1920 படப் புள்ளி, அகலமுள்ள திரையை ஓர் உருவம் இரண்டு செக்கனில் கடக்கிறது என்று வையுங்கள். அதன் வேகம் செக்கனுக்கு 960 பிக்சல். 60 ஹேர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமிலும் 16 பிக்சல் அகலத்துக்கு அது மங்கும். 100 ஹேர்ட்ஸில் 10 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. 180 ஹேர்ட்ஸில் 5 பிக்சலை ஒட்டி. மொனிட்டர் எவ்வளவு விரைவாக நிறம் மாற்றினாலும் இந்த மங்கல் போகாது. ஃபிரேம் நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் குறையும். 27 இன்ச் 100 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியவர் இழந்த முதல் விஷயம் இது.

இன்ச்: திரையின் அளவா, பிக்சலின் அளவா

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கும் நீளம். 24 இன்ச் என்று விற்பவை பெரும்பாலும் 23.8 இன்ச்தான், அகலம் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர். 27 இன்ச்சின் அகலம் 60 சென்ரிமீற்றரை ஒட்டி வரும்.

1080பி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். 1440பி என்றால் குறுக்கே 2560, நெடுக்கே 1440. திரை பெரிதானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. அதே புள்ளிகள் இன்னும் பெரிய இடத்தில் பரப்பப்படுகின்றன, அவ்வளவுதான். ரொட்டிக்கு மாவு அதே அளவு. தட்டப்பட்ட ரொட்டி மட்டும் பெரிது. ஓர் இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று கணக்குப் போட்டால்:

1. 24 இன்ச், 1080பி: ஏறத்தாழ 93
2. 27 இன்ச், 1080பி: ஏறத்தாழ 82
3. 27 இன்ச், 1440பி: ஏறத்தாழ 109
4. 32 இன்ச், 1440பி: 92ஐ ஒட்டி, அதாவது 24 இன்ச் 1080பி போலத்தான்

82க்கும் 93க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அது எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சாதாரணப் பார்வை உள்ள ஒருவரால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியைப் பிரித்தறிய முடியும் என்பது கண் மருத்துவத்தில் பழகிய அளவுகோல். 27 இன்ச் 1080பி திரையில் ஒரு பிக்சல் 0.31 மில்லிமீற்றர். அந்தக் கணக்கின்படி அது தனிப் புள்ளியாகத் தெரியாமல் போக ஒரு மீற்றருக்கும் மேல் தள்ளி உட்கார வேண்டும். 27 இன்ச் 1440பி திரைக்கு 80 சென்ரிமீற்றர் போதும்.

வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் அறையில், சுவரை ஒட்டிப் போட்ட இரண்டடி மேசையில், ஒரு மீற்றர் எங்கிருந்து வரும்? மொனிட்டரின் காலே இருபது சென்ரிமீற்றரை விழுங்கிவிடும். கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 50, 60 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். அந்தத் தூரத்தில் 27 இன்ச் 1080பி திரையில் எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியும். கேமில் தூரத்து எதிரி நாலைந்து கட்டம் சேர்ந்த ஒரு பொட்டு. அதே மொனிட்டரில் பகலில் ஒன்லைன் வகுப்பும் அலுவலக எக்செல் வேலையும் நடக்கும் என்றால் கண்ணுக்கு இன்னும் சிரமம்.

ஆக, 24 என்றால் 1080பி, 27 என்றால் 1440பி. இந்தச் சோடியை மாற்றிப் போட வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: கட்டிலில் இருந்து கொன்ட்ரோலரோடு விளையாடுகிறவர். அவர் ஒன்றரை மீற்றர் தள்ளி இருப்பதால் 27 இன்ச் 1080பி அவருக்குப் பொருந்தும்.

உங்கள் கார்ட் எதைத் தாங்கும்

அப்படியானால் எல்லோரும் 27 இன்ச் 1440பி வாங்கினால் என்ன? இங்கேதான் கார்ட் குறுக்கே வருகிறது. 1080பி ஃபிரேம் ஒன்றில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல். 1440பியில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 78 சதவீதம் கூடுதலாக வரைய வேண்டும். 4கே என்றால் 1080பியின் நாலு மடங்கு. குறைந்த காசுப் பேச்சில் அதற்கு இடமில்லை.

1. ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ, ஜி.டி.எக்ஸ் 1650, ஆர்.எக்ஸ் 580 மாதிரி கார்ட் வைத்திருப்பவர், அல்லது புரொசெசருக்குள்ளேயே உள்ள கிராஃபிக்ஸை நம்பியிருப்பவர்: 24 இன்ச் 1080பி. கவுண்டர் ஸ்ட்ரைக், வலோரண்ட், டோட்டா போன்ற இலேசான கேம்களில் செட்டிங்கைக் குறைத்தால் இந்த கார்ட்களிலும் 60ஐத் தாண்டி நல்ல உயரத்துக்கு ஃபிரேம் ஏறும். அதனால் 144 ஹேர்ட்ஸ் வீண் போகாது.

2. ஆர்.எக்ஸ் 6600, ஆர்.டி.எக்ஸ் 3060, ஆர்.டி.எக்ஸ் 4060 வகை: இங்குதான் உண்மையான குழப்பம். 1080பியில் இவை தாராளமாக ஓடும். 1440பியிலும் ஓடும், ஆனால் புதிய பெரிய கேம்களில் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும், அல்லது டி.எல்.எஸ்.எஸ், எஃப்.எஸ்.ஆர் போன்ற வழிகளைப் போட வேண்டும். இவை குறைந்த அளவில் ஃபிரேமை வரைந்து பிறகு பெரிதாக்கும் நுட்பங்கள். 1440பியில் இவை தரும் படம் 1080பியில் தருவதைவிடத் தெளிவாக இருக்கும், ஏனென்றால் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பிக்சல்களே அங்கு அதிகம். சுடுகிற போட்டி கேம் மட்டும் விளையாடுகிறவர் 24 இன்ச்சோடு நிற்கலாம். கதையோடு போகும் கேம்களும் படிப்பு வேலையும் சேர்ந்து இருந்தால் 27 இன்ச் 1440பிக்குக் காசு சேர்ப்பது நியாயம்.

3. பழைய கார்ட், அடுத்த வருடம் மாற்றும் எண்ணம்: வரப்போகும் கார்டுக்காக மொனிட்டரை வாங்கலாம். கார்ட் இரண்டு தடவை மாறும் காலத்தில் மொனிட்டர் ஒரு தடவைதான் மாறும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் 1440பி திரையில் கேமை 1080பியில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்ற கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். ஒரு பிக்சலை ஒன்றேகால் பிக்சலுக்கும் மேலாக, சரியாகச் சொன்னால் 1.33 மடங்கு, இழுக்க வேண்டிவரும். முழு எண்ணாக வராததால் படம் முழுவதும் ஒரு மெல்லிய மங்கல் படியும்.

பனல்: ஐ.பி.எஸ்ஸா, வி.ஏவா

பனல் என்பது பிக்சல்கள் அமைந்த திரையின் தகடு. டி.என் வகை இப்போது கடைகளில் அருகிவிட்டது; பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். அதை விட்டுவிடலாம். மிச்சம் இரண்டு.

ஐ.பி.எஸ் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, நிற மாற்றமும் வேகமாக நடக்கும். குறை, கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1000க்கு 1. இரவில் லைட்டை அணைத்துவிட்டு விளையாடினால் மூலைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு ஒளி தெரியும்.

வி.ஏயில் அந்த விகிதம் 3000க்கு 1 அளவில் இருக்கும். கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் மலிவான வி.ஏ பனல்களில் இருண்ட நிறத்திலிருந்து இன்னோர் இருண்ட நிறத்துக்கு மாறுவது மந்தம். இருட்டுக் குகையில் ஓடும்போது கறுப்பு மை கரைந்து பின்னால் வழிவது போல ஒரு தடம் தெரியும். வளைந்த மலிவு மொனிட்டர்கள் பெரும்பாலும் வி.ஏதான். பெட்டியில் 1500ஆர் என்று இருந்தால் ஒன்றரை மீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று அர்த்தம். 24, 27 இன்ச் திரையில் அந்த வளைவால் விளையாட்டுக்கு நன்மை எதுவும் இல்லை. பார்க்க அழகு, சரி.

கொழும்பு வீடுகளுக்கு எது? பகல் முழுவதும் யன்னல் திறந்து, வெளிச்சம் வந்துகொண்டிருக்கும் அறை என்றால் வி.ஏயின் ஆழமான கறுப்பு கண்ணுக்கே எட்டாது. ஐ.பி.எஸ் போதும். இரவில் மட்டும், கதை கேம், படம் என்று பார்க்கிறவர் வி.ஏயை யோசிக்கலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இன்னோர் எண் இருக்கும்: நிற வீச்சு, அதாவது திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பது. அதை என்.டி.எஸ்.சி என்ற பழைய தொலைக்காட்சி நிறத் தரத்தோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். 45 சதவீத என்.டி.எஸ்.சி என்று கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். இணையப் படங்களும் கேம்களும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.ஜி.பி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது முழுதாகக் காட்டாது. சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 72 சதவீத என்.டி.எஸ்.சி, அல்லது 99 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி என்று இருந்தால் சரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

1 மில்லிசெக்கன் என்ற கதை

பெட்டியில் உள்ள எண்களில் மிகவும் நம்பத்தகாதது இதுதான். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையை மிகவும் ஒடுக்கமான ஒரு மூலையில் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரத்தை ஜி.டி.ஜி என்ற பெயரில் அளக்கிறார்கள். அளக்கும் முறையில் தொடக்கத்தில் 10 சதவீதத்தையும் முடிவில் 10 சதவீதத்தையும் விட்டுவிடுவது வழக்கம். சாம்பல் நிறங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சோடிக்கும் நேரம் வேறு. அவற்றில் மிக வேகமான சோடியின் நேரத்தைப் பெட்டியில் போட்டுவிடலாம், தடுக்க யாருமில்லை. சராசரி அதைவிட நாலைந்து மடங்கு இருக்கும்.

அந்த வேகமான எண்ணும் ஓவர்டிரைவ் என்ற வசதியை உச்சத்தில் வைத்தால்தான் கிடைக்கும். பிக்சலுக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து விரைவாகத் தள்ளுவதுதான் ஓவர்டிரைவ். தள்ளிய வேகத்தில் பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஓடும் உருவத்தின் பின்னால் வெளிர் நிழல் ஒன்று தொடரும். வீட்டில் யாரும் அந்த உச்ச நிலையில் விளையாடுவதில்லை. நடு நிலையில் வைப்பதுதான் வழக்கம். அப்புறம் அந்த 1 எங்கே?

இரண்டாவது வகை எம்.பி.ஆர்.டி. இது வேறு அளவு: உருவம் கண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. பின்விளக்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் சட்டென்று மின்ன வைத்து அணைத்தால் இந்த எண்ணை 1க்குக் கொண்டுவரலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது: திரை வெளிச்சம் நன்றாகக் குறையும், சிலருக்குத் தலையிடி வரும், அடுத்துச் சொல்லப்போகும் ஒத்திசைவு வசதியைப் பெரும்பாலான மொனிட்டர்களில் அதோடு சேர்த்துப் போட முடியாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிக்சல்களில் பெரும்பாலானவை ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் மாறி முடிகின்றனவா? 144 ஹேர்ட்ஸில் அந்த நேரம் 6.9 மில்லிசெக்கன். இன்றைய ஐ.பி.எஸ் பனல்கள் பலவும் இதை ஒட்டி வந்துவிடுகின்றன. வி.ஏ, இருண்ட நிறங்களில் வராது.

ஒரு சின்னக் கணக்கு, பெட்டியில் உள்ள 1க்கும் 4க்கும் அடித்துக்கொள்கிறவர்களுக்காக. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றரை ஒட்டி. நேர் கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும் போய்த் திரும்ப 27 மில்லிசெக்கன். சிங்கப்பூர் சேர்வரில் விளையாடும் ஒருவர் எந்த மொனிட்டர் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது.

கிழியும் படமும் அதற்கு மருந்தும்

கார்ட் அனுப்பும் ஃபிரேம்கள் ஒரே சீராக வருவதில்லை. மொனிட்டர் பாதித் திரையை வரைந்துகொண்டிருக்கும்போது புது ஃபிரேம் வந்துவிட்டால் மேல் பாதி பழையது, கீழ்ப் பாதி புதியது. குறுக்கே ஒரு வெட்டுத் தெரியும். கார்டைக் காத்திருக்கச் செய்து இதைத் தவிர்ப்பது பழைய வழி, வி-சிங்க். அதில் ஒரு சிக்கல்: 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கனைக் கொஞ்சம் தாண்டினாலும் அடுத்த சுற்றுவரை நிற்க வேண்டும். விளையாட்டு திக்கும்.

புதிய வழியில் மொனிட்டர்தான் கார்டுக்காகக் காத்திருக்கும். ஒத்திசைவு என்று முன்பு சொன்னது இதைத்தான். ஃபிரேம் வந்ததும் புதுப்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்ட் நிறுவனமான என்விடியா 2013இல் இதை ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது. அதற்கு மொனிட்டருக்குள் தனிச் சில்லு வேண்டியிருந்ததால் விலை ஏறியது. அதன் போட்டி நிறுவனமான ஏ.எம்.டியின் ஃபிரீசிங்க் தனிச் சில்லு இல்லாமல் டிஸ்பிளேபோர்ட் என்ற வயர் இணைப்பின் தரத்தையே பயன்படுத்தியது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, ஜி.டி.எக்ஸ் 10 வரிசை முதலான கார்ட்களுக்கு அதே தரத்தைத் திறந்துவிட்டது. மலிவு மொனிட்டர்களில் என்விடியா கார்ட் வைத்திருப்பவருக்கும் இந்த வசதி கிடைப்பது அதனால்தான். கார்ட் கொஞ்சம் பலவீனம் என்றால் இதன் பெறுமதி இன்னும் அதிகம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒத்திசைவு வேலை செய்யும் ஹேர்ட்ஸ் வீச்சு. 48 முதல் 75 வரை என்று இருந்தால் கார்ட் 45 ஃபிரேமுக்கு இறங்கியவுடன் ஒத்திசைவு விட்டுப்போகும். 48 முதல் 144 வரை என்றால் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், ஒரு ஃபிரேமை இரண்டு தடவை காட்டிச் சமாளிக்க வழி இருக்கிறது. இரண்டு, வயர். என்விடியா கார்டுக்குப் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் வயர் வேண்டும், பெட்டிக்குள் எச்.டி.எம்.ஐ வயர் மட்டும் இருப்பதுண்டு. பல மொனிட்டர்களில் எச்.டி.எம்.ஐ துளை முழு ஹேர்ட்ஸையும் தாங்காது. டிஸ்பிளேபோர்ட்டில் 180, எச்.டி.எம்.ஐயில் 144 என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

பிளேஸ்டேஷன் காரர்களுக்கு ஒரு வரி: பி.எஸ்.4க்கு 60 ஹேர்ட்ஸே உச்சம். பி.எஸ்.5 2022இன் பிற்பகுதியிலிருந்து 1440பியை ஏற்கிறது, 120 ஹேர்ட்ஸ் வரை போகும். அதில் ஒத்திசைவு வேண்டும் என்றால் எச்.டி.எம்.ஐ 2.1 உள்ள மொனிட்டர் வேண்டும்.

எச்.டி.ஆர் பற்றி அதிகம் சொல்ல இல்லை

எச்.டி.ஆர் என்பது ஒரே படத்தில் வெளிச்சமான இடத்துக்கும் இருண்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை. மலிவு மொனிட்டரில் அது அந்த வகை சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்ற அளவில்தான். திரையின் ஒரு மூலையைத் தனியாக வெளிச்சமாக்கவும் இன்னொன்றைத் தனியாக இருட்டாக்கவும் முடிந்தால்தான் அது வேலை செய்யும். டிஸ்பிளே எச்.டி.ஆர் 400 என்ற சான்றிதழ்கூட அதைக் கட்டாயமாக்கவில்லை. இந்த விலையில் அதற்காக ஒரு ரூபாவும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மொனிட்டருக்குள் உள்ள ஸ்பீக்கருக்கும் அப்படியே.

கொழும்பில் வாங்கும்போது

விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. அந்த வருடமே 350ஐத் தாண்டியது, பிறகு 300 பக்கம் இறங்கியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். 200 டொலர் மொனிட்டர் ஒன்று, வரிக்கும் கடை லாபத்துக்கும் முன்பே, 40,000இலிருந்து 60,000 ஆகிவிட்டது. பட்டியலில் உள்ளது பொதுவாகக் காசாகக் கொடுத்தால் உள்ள விலை. வங்கி அட்டையில் தேய்த்தால் மேலே ஏறும். கேட்டுக்கொள்ளுங்கள்.

வரண்டியில் கவனிக்க வேண்டியவை:

1. மூன்று வருடம் என்றால் மூன்று வருடமா? ஒரு வருடத்தை 350 நாளாக எண்ணும் வழக்கம் இங்கு உண்டு. பில்லின் அடியில் அச்சடித்திருக்கும்.

2. வரண்டி கொடுப்பது அந்த பிராண்டின் இலங்கை முகவரா, கடையா? கடை மட்டும் என்றால், கடை இருக்கும்வரைதான் வரண்டி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

3. எத்தனை செத்த பிக்சல் வரை மாற்றித்தர மாட்டார்கள்? ஒன்றிரண்டைக் குறையாகக் கணக்கெடுக்காத பிராண்ட்கள் அதிகம். கடையிலேயே மொனிட்டரைப் போட்டு, திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் பார்க்கலாம். போனில் ஐந்து படத்தைச் சேமித்துக்கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

4. இடி மின்னல். பல பில்களில் அது வரண்டிக்கு வெளியே. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றி வைப்பதுதான் வழி. மின்வெட்டுக்கு யூ.பி.எஸ் வைத்திருப்பவர் மொனிட்டரையும் அதில் கொடுக்கலாம். 24 இன்ச் எல்.ஈ.டி ஒன்று பொதுவாக 20, 25 வொட்தான் இழுக்கும்.

கடற்கரை வீதியை ஒட்டிய தொடர்மாடிகளில் உப்புக் காற்று உலோகத் துளைகளைத் துருப்பிடிக்க வைக்கும். கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே மொனிட்டரை வைக்காமல் பக்கச் சுவருக்கு மாற்றினால் கண் கூசுவதும் குறையும்.

பாவித்த மொனிட்டர் பற்றி. வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்து இங்கே வரும் 24 இன்ச் ஐ.பி.எஸ் மொனிட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 60 ஹேர்ட்ஸ்தான். ஆனால் கார்ட் 60 ஃபிரேமைத் தாண்டாது, விளையாடுவது கதை கேம் அல்லது கிரிக்கெட் என்றால், வெளிறிய நிறமுள்ள புதிய மலிவு மொனிட்டரைவிட இவை எத்தனையோ மேல். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்கூட இருக்கும். வெள்ளைத் திரையில் மஞ்சள் படிந்திருக்கிறதா, சாம்பல் திரையில் பழைய படத்தின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்லைனில் வாங்குவதாக இருந்தால் மொனிட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது நேரில் பார்க்காமல் முற்பணம் போட வேண்டாம்.

முதலில் சொன்ன அந்த இரண்டு வரிக்கு வந்தால், கணினியில் கேம் விளையாட, மேசையில் வைத்து, சாதாரணமான ஒரு கார்டோடு என்றால் 24 இன்ச், 1080பி, ஐ.பி.எஸ், 144க்கு மேல். 27 இன்ச்தான் வேண்டும் என்றால் 1440பி விலை கைக்கு எட்டும்வரை பழைய மொனிட்டரோடு இருக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புது மொனிட்டரை விண்டோஸ் பல தடவை 60 ஹேர்ட்ஸிலேயே ஓட விடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே, அதன் அடியில் அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் என்று ஒரு பட்டியல் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய எண்ணை அதில் நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை மாதக்கணக்கில் 60இல் ஓட்டிவிட்டு, பெரிதாக வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.